மதகுக் காவல்

உங்கள் உதவியாளர் கொண்டுவந்த சாண்ட்விச்சைக் கடைசித் துணுக்குவரை சாப்பிட்டுவிட்டேன். ரொட்டியின் ஓரத்தைக்கூட விடவில்லை. தட்டை எடுக்க வந்தபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலையில் அப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறதே, இந்தக் கிழவனுக்குத் தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று நினைத்திருப்பார். எங்கள் வீட்டில் சாப்பாட்டை மிச்சம் வைக்கிற பழக்கம் கிடையாது, ஷெரிஃப். தானியம் விற்றுப் பிழைத்த குடும்பம். ரொட்டியை வீணாக்கினால் தாத்தா பெல்ட்டைக் கழற்றுவார்.

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனாலும் பேசுகிறேன். வாயை மூடிக்கொண்டே மூன்று தலைமுறை வாழ்ந்தாயிற்று. ஒருவராவது பேசிப் பார்க்கலாம்.

நான் அர்விட் ஸ்டோர்லி. டுலூத் துறைமுகத்தில் ஏரியைப் பார்த்து நிற்கிற கான்கிரீட் குதிர்களில் எங்கள் பெயர் ஆள் உயர எழுத்தில் இருக்கிறது. உங்கள் அப்பாவும் அங்கே மண்வாரி பிடித்தவர்தான். நல்ல உழைப்பாளி, கொஞ்சம் குடி.

தாத்தா குல்பிராண்ட் நார்வேயிலிருந்து வந்தவர். டகோட்டா சமவெளியில் ரயில் பாதை ஓரமாக, தம்பி நில்ஸுடன் சேர்ந்து, மரத்தில் ஒரு குதிர் கட்டினார். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் கோதுமையை அங்கேதான் போட்டாக வேண்டும். நாங்கள் சொன்னது எடை, நாங்கள் சொன்னது விலை. பொறுக்கமுடியாமல் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து சொந்தமாக ஒரு கிடங்கு கட்டினார்கள். அந்த அறுவடை முடிவதற்குள் அது எரிந்துபோனது. காவலுக்கு உள்ளே இரண்டு பேர் படுத்திருந்தது தாத்தாவுக்குத் தெரியும். "கதவைத் தட்டி எழுப்பிட்டா கொளுத்துவாங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

அப்பா எய்னார் காலத்தில், கம்பெனி டுலூத்துக்கு வந்துவிட்ட பிறகு, துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. சிகாகோவிலிருந்து தடியர்களை வரவழைத்தார். பல மண்டைகள் உடைந்தன. ஒருவனை ஏப்ரல் மாதத் தண்ணீரில், பனிக்கட்டிகளுக்கு நடுவே தள்ளினார்கள். அவன் பிடித்துக்கொள்ள வந்த கட்டையைக் காலால் உதைத்தவர் அப்பா. இதை அவர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வார். வெளியாட்களை நாங்கள் அடித்த கதையெல்லாம் எங்கள் மேசையில் தாராளமாகப் பேசப்பட்டது.

பேசப்படாதது இரண்டே இரண்டு விஷயம். சாப்பாட்டு அறைச் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று தாத்தாவின் தம்பி நில்ஸ். மற்றது அப்பாவின் தம்பி ஸ்வெரே. இரண்டு பேரும் வாலிபத்திலேயே குதிருக்குள் கோதுமையில் மூழ்கிச் செத்தவர்கள். எப்படி என்று யாரும் சொன்னதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், அப்பாவிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கரண்டியை வைத்தார், எழுந்து வெளியே போனார். அம்மா என் கையில் பட்டென்று அடித்தாள்.

"அதைக் கேக்காதடா. அன்னிக்கு மதகுக் காவல் உங்கப்பாதான்."

அவ்வளவுதான் சொன்னாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மதகுக் காவல் என்றால் என்ன என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார். இருந்தாலும் பதிவாகட்டும். புதுக் கோதுமை ஏற்றிய முதல் ரயில் வந்து நிற்கும் நாளில், ஸ்டோர்லி குடும்பத்து வாரிசு ஒருவர் முதலாம் குதிருக்குள் இறங்கி, மிச்சமிருக்கும் பழைய கோதுமையின் மேல் நடப்பார். கையில் ஒரு கம்பு. குளிரிலும் ஈரத்திலும் மேலே ஓடுபோல இறுகிக் கிடப்பதைக் குத்தி உடைக்க வேண்டும். தாத்தா ஆரம்பித்து வைத்தது. இதை நாங்கள் முதல் நடை என்போம். அதே நேரத்தில் குதிருக்கு அடியில், சுரங்கத்தில், கூடப்பிறந்த இன்னொருவர், கோதுமையைக் கீழே இறக்கும் மதகின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பார். சக்கரத்துக்குப் பூட்டு. சாவி அவர் கழுத்தில். மேலே ஒருவர் நடக்கும்போது கீழே மதகு திறந்தால் கோதுமை சுழல் மாதிரி உள்ளே இழுக்கும். முழங்கால்வரை போய்விட்டால் பிறகு யாராலும் பிடுங்கி எடுக்க முடியாது. ஒரு வருடம் ஒருவர் நடை, அடுத்த வருடம் மற்றவர்.

யோசித்துப் பாருங்கள். நில்ஸ் செத்தார், குல்பிராண்ட் தனி முதலாளி ஆனார். ஸ்வெரே செத்தார், எய்னார் தனி முதலாளி ஆனார். இரண்டு பேர் உயிரோடு எரிந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்லும் வீட்டில் வாயால் சொல்லக்கூடாத ஒன்று இருக்கிறது என்றால் அது என்னவாக இருக்கும்? அப்பாவின் உள்ளங்கைகளில் குறுக்கே வழுவழுவென்று தழும்பு இருந்தது. இரும்புச் சக்கரத்தை அவசரமாகச் சுழற்றினால் அப்படி ஆகும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. எங்கள் பெரியவர்கள் அதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டாம், சாவியைக் கழுத்தில் மாட்டினால் போதும். புத்தியுள்ளவன் புரிந்துகொள்வான்.

என் தம்பி மைலோவுக்கு அந்தப் புத்தி இல்லை. இதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன். அவன் காவல் நின்ற வருடங்களில் நான் மேலே நடந்தேன், ஒவ்வொரு அடியிலும் மதகு திறக்கும் என்று எதிர்பார்த்தபடி. ஒன்றும் நடக்கவில்லை. கீழே வந்தால் சுரங்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருப்பான். அவனுக்கு அந்த எண்ணமே வரவில்லை. வந்திருந்தால் இன்று அவன் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பான், என் படம் சுவரில் இருக்கும். நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். கூலிக்காரர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், என்னை ஐயா என்பார்கள். எனக்கும் அவனைப் பிடிக்கும். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். படைக்கு அஞ்ச வேண்டியதில்லைதான். நான் அஞ்சியது ஒரு வருடம் அவன் சாப்பாட்டு மேசையில் பேசிய பேச்சுக்கு.

"ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில எத்தனை நாள்ப்பா ஒட்டிக்கிட்டு உக்கார்றது? அண்ணன் மூச்சு விட்டா எனக்குக் காத்து இல்ல. ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக் குடுங்க. நான் மேற்கே போய் மாவு மில் வச்சுக்கறேன். அண்ணன் இங்க ராஜா மாதிரி இருக்கட்டும்."

"யோசிக்கலாம்" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் யோசிக்கலாம் என்றால் ஏறக்குறைய சரி என்று அர்த்தம். தாத்தா எரித்தும், அப்பா உதைத்தும் சேர்த்ததை இவன் கேக் மாதிரி வெட்டச் சொல்கிறான். அன்றும் நான் தட்டைக் காலி செய்தேன்.

அந்த வாரமே முதல் நடை. அந்த வருடம் காவல் என் முறை. முறைப்படி வந்ததுதான் என்று நீங்கள் சொல்லலாம். வந்தது எந்த வருடம் என்பதையும் பாருங்கள். அப்பா சாவியை என் கழுத்தில் மாட்டினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிடத் தெளிவான உத்தரவை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

"அண்ணா, நான் மேல போய் கோதுமைக்கு குட் மார்னிங் சொல்லிட்டு வரேன்" என்றான் மைலோ. "நீ கீழ எலிக்கெல்லாம் கதை சொல்லிக்கிட்டு இரு. தூங்கிடாத."

தூங்கவில்லை. அவன் நடுவுக்கு வரும் அளவு நேரம் கொடுத்தேன். பூட்டைத் திறந்து சக்கரத்தைச் சுற்றினேன். கோதுமை இறங்கும் சத்தம் உங்களுக்குத் தெரியுமா? சத்தம் என்றே சொல்ல முடியாது, தூரத்து மழை மாதிரி. மேலே அவன் கத்தியிருப்பான். கான்கிரீட் அதைக் கீழே விடாது. அந்த வகையில் கருணையான கட்டிடம். சிறிது நேரத்தில் மழை திக்கித் திக்கி விழுந்து நின்றது. விளக்கை உயர்த்திப் பார்த்தேன். மதகின் வாயில் ஒரு பூட்ஸ் அடைத்துக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியது. அதன் நுனி இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அசைவது நிற்கும்வரை கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மதகை மூடிவிட்டு, மைலோ மைலோ என்று அலறிக்கொண்டு மேலே ஓடினேன். அந்த அலறல் நடிப்பு இல்லை. இன்றுவரை அவனை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

குதிரின் பக்கச் சுவரை உடைத்துத்தான் அவனை எடுத்தார்கள். வாய், மூக்கு, காது எல்லாம் கோதுமை. அம்மா கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். சவ அடக்கத்தன்று அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்னடா பண்ணுவே. மதகுச் சக்கரத்துப் பல்லு தேஞ்சு போய்த் தானா திறந்துக்கிச்சு. போன வருஷமே மாத்தியிருக்கணும். என் தப்பு."

எவ்வளவு சீக்கிரம் எனக்காக ஒரு கதை தயார் செய்துவிட்டார் பாருங்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், அப்பா மூடினார். அன்றைய ஷெரிஃபும் அதையே எழுதிக்கொண்டு போனார். அப்பா அதன் பிறகு அதிகம் பேசவில்லை, கம்பெனிக்கும் வரவில்லை. எல்லாம் என் கைக்கு வந்தது. நான் அதை மூன்று மடங்காக்கினேன். இந்த ஊரின் மருத்துவமனையில் ஒரு கட்டிடம், தேவாலயத்துக்கு மணி, உங்கள் பள்ளிக்கூடத்து நீச்சல் குளம், எல்லாம் என் காலத்தில் வந்தவை.

அப்பா படுக்கையில் விழுந்து, இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, ஒருமுறையாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மதியம் நர்ஸைச் சாப்பிட அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்குச் சாவியை எனக்குக் குடுத்தீங்களே. அதுக்கு நன்றி."

"எந்தச் சாவிடா?"

"மைலோ அன்னிக்கு. மதகுப் பல்லு தேயலப்பா. உங்களுக்குத் தெரியும். நான்தான் திறந்தேன். நீங்க ஸ்வெரே சித்தப்பாவுக்குச் செஞ்ச மாதிரி, தாத்தா நில்ஸுக்குச் செஞ்ச மாதிரி."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பக்கவாதத்தில் ஒரு பக்க வாய் இழுத்துக்கொண்டிருந்தது. பேச்சு குழறலாகத்தான் வந்தது, ஆனால் வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஸ்வெரேவுக்கு நான் என்னடா செஞ்சேன்? மதகு பூட்டித்தான் இருந்துது. கோதுமைக்கு அடியில பொந்து விழுந்து, மேல இறுகியிருந்த ஓடு உடைஞ்சு உள்ள போயிட்டான். நான் மேல ஓடிப் போய் கயிறு போட்டேன். அவன் பிடிச்சுக்கிட்டான். இழுத்தேன். கை ரெண்டும் கிழிஞ்சுது, விடல. அவன் விரல்தான் விட்டுது. கடைசி வரைக்கும் அந்த விரல் ஆடினதைப் பாத்துக்கிட்டு நின்னேன்டா நான்."

கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"எங்கப்பா உள்ள ஆள் இருக்கறது தெரியாம மதகைத் திறந்துட்டாரு. உள்ள இருந்தது சொந்தத் தம்பி நில்ஸ். அதுக்கப்புறம்தான் பூட்டு வந்துது, சாவி வந்துது. மேல ஒருத்தன் நடந்தா கூடப்பிறந்தவன்தான் கீழ நிக்கணும், கூலிக்காரனை நம்பி விடக்கூடாதுன்னு வச்சாரு. உன்னைக் காவக்காரனா நிறுத்தினேன்டா. ஊரான் கிடங்கை எரிச்சோம், ஊரான் மண்டையை உடைச்சோம். அதுக்கு நான் கடவுள்கிட்ட பதில் சொல்லிக்கறேன். கூடப்பிறந்தவன் மேல இந்த வீட்டுல யாரும் கை வச்சதில்லடா. யாரும் வச்சதில்ல."

பிறகு அழுதார். அழுதுகொண்டே நல்ல கையால் தொலைபேசியைத் துழாவினார். நோயாளிக்கு அது நல்லதில்லை. நான் அதை எட்டாத இடத்தில் தள்ளி வைத்தேன். நர்ஸைக் கூப்பிடும் மணியையும் எடுத்து வைத்தேன். கட்டிலிலிருந்து எழுந்து வரப் பார்த்தார், பாதி வந்து தரையில் விழுந்தார். நர்ஸ் சாப்பிட்டு முடித்து வருகிறவரை நான் அவர் பக்கத்தில் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். தனியாக விடவில்லை. அவர் என் காலணியைப் பிராண்டிக்கொண்டே இருந்தார், நர்ஸ் வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

அவர் சொன்னதைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. பல நாள் யோசித்தேன். நோய் முற்றியவர்கள் ஏதேதோ பேசுவார்கள் என்பது ஒன்று. அப்பா கடைசிவரை கட்டுப்பாடானவர், செத்தாலும் அதை வாயால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது இன்னொன்று. இரண்டில் எதுவாக இருந்தாலும் சரி. அவர் சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டால், மைலோ சும்மா செத்தான் என்று ஆகிவிடும். ஒரு காரணமும் இல்லாமல் என் தம்பியை நான் கொன்றேன் என்று ஆகிவிடும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, ஷெரிஃப்.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கேரன், இளையவன் டேல். காலம் மாறிவிட்டது, பெண்ணுக்கு மட்டும் வாய்ப்பு மறுக்கக் கூடாது என்று இரண்டு பேரையும் முதல் நடைக்குப் பழக்கினேன். ஒரு வருடம் அவள், ஒரு வருடம் அவன். என் அப்பா செய்த மாதிரியே சாவியை மாட்டினேன், காலரைச் சரிசெய்தேன், வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. வருடா வருடம் இரண்டு பேரும் முழுசாகத் திரும்பி வந்து, ஒருவர் தலையிலிருந்து மற்றவர் உமியைத் தட்டிவிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு காபி குடிக்கப் போவார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. இந்த இரண்டும் ஒரே வயிறு போல இருந்தன. எனக்கு அதுதான் கவலை.

போன ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். டேல் எனக்குக் காபி ஊற்றினான்.

"அப்பா, உங்களுக்கு வயசாச்சு. போதும். இனிமே நானும் அக்காவும் சேர்ந்தே பாத்துக்கறோம். ரெண்டு நாற்காலி, ரெண்டு கையெழுத்து."

"சண்டை வந்தா?" என்று கேட்டேன்.

"வந்தா என்ன? அக்கா கத்துவா, நான் கேட்டுக்குவேன். அஞ்சு வயசுலருந்து அதானே நடக்குது" என்றான்.

கேரன் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "இன்னொண்ணுப்பா. இந்த முதல் நடை இந்த வருஷத்தோட போதும். இறுகின கோதுமையை உடைக்க மெஷின் வந்தாச்சு. எதுக்கு ஆளை இறக்கிக்கிட்டு? கீழ நிக்கற வருஷமெல்லாம் நான் பூட்டைப் பத்துத் தடவை இழுத்துப் பாக்கறேன்."

ஆக, இன்று காலை கடைசி வாய்ப்பு. நடை டேல், காவல் கேரன். கயிறு கட்டாமல் யாரும் குதிருக்குள் இறங்கக் கூடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது. எங்கள் மேஸ்திரி ரெய்னோதான் மேலே கயிறு பிடிப்பவன். அவனை ரயிலடிக்கு அனுப்பிவிட்டுக் கயிற்றை நானே வாங்கிக்கொண்டேன். டேல் இடுப்பில் முடிச்சுப் போட்டு, தோளைத் தட்டிக்கொடுத்தேன். மறு முனையை எங்கும் கட்டவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவன் நடுவுக்குப் போய்க் கம்பை ஊன்றுகிறவரை பார்த்துவிட்டு, லிஃப்டில் சுரங்கத்துக்கு இறங்கினேன்.

"என்னப்பா, நீங்க இங்க? கயிறு யார்கிட்ட?" என்றாள் கேரன்.

"பூட்டைத் திற, கேரன். அப்புறம் சக்கரத்தைச் சுத்து."

"டேல் இன்னும் மேலதான் இருக்கான்பா."

"தெரியும். அதனாலதான்."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாததை நான் செய்தேன். வாய்விட்டுச் சொன்னேன். நில்ஸ், ஸ்வெரே, மைலோ, எல்லாம். நிதானமாக, அவளுக்குப் புரியும்படி. காய்ச்சலில் பிதற்றுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சரிப்பா. சரி. வாங்க, மேல போலாம். காபி குடிச்சிட்டுப் பேசலாம். என் கையைப் பிடிச்சுக்குங்க."

"நீ செய்யணும்மா. நீதான் செய்யணும். அப்பதான் அது உன்னோடது."

அவள் கழுத்திலிருந்த சாவியை அறுத்துத் தண்ணீர்க் குழிக்குள் எறிந்தாள். என்னிடம் இன்னொன்று இருந்தது. நான் பூட்டைத் திறக்கக் குனிந்தபோது ஓடிவந்து சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள். ஆரக்கால்களுக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டேல், மேல ஏறுடா, ஏறுடா என்று கத்தினாள். மேலே கேட்காது என்று சொன்னேன். கேட்காது என்று அவளுக்கும் தெரியும், கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

சுவரில் கடப்பாரை சாத்தியிருந்தது. முதலில் விரல்களைப் பிரிக்கத்தான் பார்த்தேன். பிரியவில்லை. விரல்களின் மேல் போட்டேன். பிறகு முழங்கையில். எலும்பு முறிகிற சத்தம் அந்த இடத்தில் பெரிதாகக் கேட்டது. சின்னப்பெண்ணாக இருந்தபோது அவள் கை ஒருமுறை பிசகியது, அன்று மருத்துவமனைவரை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். இப்போதும் மெதுவாக அடிக்கவே நினைத்தேன். அவள்தான் விடவில்லை. கடைசியில் அந்தக் கைகள் உள்ளே இருக்கும்போதே சக்கரத்தைச் சுற்றினேன். மழை சத்தம் ஆரம்பித்தது.

கைகள் கழன்று விழுந்ததும் அவள் தரையில் ஊர்ந்து, பல்லால் என் பேண்ட்டைக் கடித்து இழுத்தாள். அவள் கோட்டைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உதைத்தாள், முகத்தில் துப்பினாள். என் கன்னத்தில் இருக்கிற இந்தப் பல் தடம் அப்போது வந்ததுதான். நேரம் ஆக ஆக அவளிடமிருந்து சத்தம் குறைந்தது. ரெய்னோ ஓடிவந்து எங்களைப் பிரித்தபோது மதகில் கயிறுதான் வந்து சுற்றிக்கொண்டிருந்தது, எங்கும் கட்டாத முனை முதலில்.

டேல் செத்துவிட்டதாக உங்கள் உதவியாளர் சொன்னார். எனக்குத் தெரியும். நான்தான் கொன்றேன். மைலோவையும் நான்தான் கொன்றேன். அப்பாவை நான் கொல்லவில்லை, காப்பாற்றாமல் இருந்தேன். இதையெல்லாம் மறைக்க நான் இங்கே உட்காரவில்லை.

ஆனால் இந்த அறையில் உட்கார்ந்தபின் ஒன்று விளங்கியது. காலையில் நான் அவளை ஏமாளி என்று நினைத்தேன், மைலோ மாதிரி. இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் சக்கரத்தைத் தொடமாட்டேன் என்கிறாளே என்று மனம் வெறுத்துப் போயிற்று. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். டேல் போய்விட்டான். நான் சிறைக்குப் போகிறேன். ரெய்னோ சாட்சி, நீங்கள் சாட்சி, அவள் உடைந்த கைகளே சாட்சி. ஒரு கீறல்கூட அவள் பேரில் விழாமல், ஒரே காலையில், இரண்டு பேரும் அவள் வழியிலிருந்து விலகியாயிற்று. முழுக் கம்பெனியும் பிரியாமல் அவள் ஒருத்தியிடம். தாத்தாவுக்கும் எனக்கும் தோன்றாத யோசனை. மதகைத் திறந்தால் அல்லவா பழி வரும்? அவள் மூடி வைத்தே ஜெயித்துவிட்டாள்.

மருத்துவமனையில் அவள் தம்பி பெயரையே சொல்லிக் கதறுகிறாள், ஊசி போட்டும் அடங்கவில்லை, என் பெயரைக் கேட்டால் வாந்தி எடுக்கிறாள் என்கிறீர்கள். இருக்கட்டும். அவள் கெட்டிக்காரி.

விசாரணைக்கு அவள் வருவாள் இல்லையா? இரண்டு கைகளிலும் கட்டோடு, கறுப்பு உடுத்திக்கொண்டு. எனக்கு ஒரே ஒரு சலுகை கேட்கிறேன், ஷெரிஃப். அவள் உள்ளே வரும்போது என் கை விலங்கைத் தளர்த்தி, எழுந்து நிற்க விடுங்கள். ஜெயித்தவருக்கு எழுந்து மரியாதை செய்ய எங்கள் குடும்பத்தில் இதுவரை தோற்றவர் யாருக்கும் உயிர் மிச்சம் இருந்ததில்லை. எனக்குத்தான் முதல்முறையாக அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது.